உருவேறிய அம்மாவும் பார்வையாளர் வாக்கெடுப்பும்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம் பக்கமாக உள்ள ஒரு வயல் ஊரின் அம்மன் கோயில் சடங்கை, ஒரு தொலைக்காட்சிப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்காகப் படம் பிடித்தார்கள். அதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்தார்கள், எது முடிந்தது, எது முடியவில்லை என்பதே இந்தப் பதிவு. ஊர், கோயில், அலைவரிசை, ஆட்கள் எல்லாமே பெயரின்றி விடப்பட்டுள்ளன. சம்பந்தப்பட்ட அம்மாவின் மகள் இதை முழுதாக வாசித்துச் சம்மதம் தந்திருக்கிறார். அவர் எடுக்கச் சொன்ன பகுதிகளை எடுத்துவிட்டேன். முன்பு வானொலியில் வேலை செய்தவன் என்பதால், ஆலய பரிபாலன சபை கேட்டதன் பேரில் இரு தரப்புக்கும் இடையில் நின்று பேசியவன் நான்.

பின்னணி

அந்தக் கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை வைகாசியில் சடங்கு. கதவு திறந்து சில நாட்கள் பூசை நடந்து, கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும். பறையும் உடுக்கும் உச்சத்துக்குப் போகும்போது சிலருக்கு உருவேறும், அதாவது அம்மன் அவர்கள் மேல் இறங்குவாள். உருவேறியவரிடம் ஊரார் கேள்வி கேட்பார்கள், அவர் வாக்குச் சொல்வார். போன மாடு, தீராத நோய், தள்ளிப்போகும் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு.

போருக்குப் பிறகு இந்தக் கேள்விகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கனமாகிவிட்டது: பிள்ளை உயிரோடு இருக்கிறானா? கிழக்கில் இது புதிதல்ல. 1990களிலேயே மட்டக்களப்புப் பக்கத்துக் காளி கோயில்களில் தாய்மார் இதே கேள்வியோடு நின்றிருக்கிறார்கள், ஆய்வாளர்களும் அதை எழுதியிருக்கிறார்கள். பொலிஸ் நிலையம், முகாம், ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எல்லா இடமும் மனுக் கொடுத்த ஒரு தாய், அம்மன் முன்னாலும் ஒரு மனு வைக்கிறாள். அங்கே மட்டும்தான் அவளுக்கு உடனே ஒரு பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். அவளுக்கு அது எவ்வளவு பெரியது என்பதில் இருக்க முடியாது.

இந்த நிகழ்வின் நடுவில் இருக்கும் அம்மா ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர். மகன் போரின் கடைசிக் காலத்தில் காணாமல் போனவர். 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் நடந்துவரும் உறவினர் போராட்டங்களில் மகனின் படத்தோடு போய் உட்கார்ந்தவர். சடங்கில் பல ஆண்டுகளாக அவருக்கு உருவேறுகிறது. அதாவது இவர் கேள்வி கேட்கிறவர் மட்டுமில்லை, மற்றத் தாய்மாரின் கேள்விக்கு வாக்குச் சொல்கிறவரும்கூட. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்க வேண்டும்.

குழு வந்த விதம்

அலைவரிசைக் குழு முதலில் தேடி வந்தது இந்த ஊரை அல்ல. அவர்களுடையது வாராந்த நிகழ்ச்சி. தொகுப்பாளர் ஒரு வியப்பான இடத்துக்குப் போவார், பார்த்ததைக் காட்டுவார், கலையகத்தில் மூன்று பேர் அதைப் பற்றிப் பேசுவார்கள், முடிவில் பார்வையாளர்கள் “உண்மை” அல்லது “நடிப்பு” என்று குறுஞ்செய்தி அனுப்புவார்கள். திருகோணமலைக்கு அவர்கள் எழுதி வைத்திருந்த திட்டம் கோணேசர் மலையும் கன்னியா வெந்நீர் ஊற்றும். 1624 இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில், 1956 இல் கடலுக்கடியில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கண்ட இடிபாடுகள், இராவணன் வெட்டு, தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு கிணறுகள் என்று ஒரு அத்தியாயத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது.

அதைப் படமாக்கியும் விட்டார்கள். ஆனால் கல்லுக்கும் தண்ணீருக்கும் யார் வாக்குப் போடுவது? நிகழ்ச்சியின் அமைப்புக்கு ஒரு மனிதர் வேண்டும். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்தான், “ஒரு கோயிலில் இப்ப சடங்கு நடக்குது, அங்க போவம்” என்று அழைத்துப் போனார்.

சபைத் தலைவர் ஒரே வரியில் கடிதம் கொடுத்தார்: ஆலய சடங்கைப் படம் பிடிக்க அனுமதி வழங்கப்படுகிறது. அவருக்கு அது பெருமையாகவும் இருந்தது. எங்கள் ஊரைப் பற்றித் தொலைக்காட்சியில் எப்போது நல்ல செய்தி வந்திருக்கிறது? புது ஒலிபெருக்கிக்கு ஒரு தொகை அன்பளிப்பாகவும் கிடைத்தது. வாக்கெடுப்பைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. கலாசார நிகழ்ச்சி என்று மட்டும் சொன்னார்கள்.

படப்பிடிப்பில் கண்டது

குழு நாகரிகமாகவே நடந்துகொண்டது என்று பூசாரியார் முதல் பல பேர் சொன்னார்கள். செருப்பைக் கழற்றினார்கள், அம்மனுக்குப் படையல் வைக்கும் மடைப் பக்கம் போகவில்லை, கேட்டுத்தான் நின்றார்கள். ஆகவே இது ஒழுங்கில்லாத ஒரு குழுவின் கதை இல்லை. நல்ல குழுவும் அந்த அமைப்புக்குள் என்ன செய்துவிடும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் இரவு அம்மாவுக்கு உருவேறியது. கமரா கிட்டப் போனது. வழக்கமாக அந்த நேரத்தில் பெண்கள் சுற்றி நின்று முந்தானையைச் சரிசெய்வார்கள், விழாமல் பிடிப்பார்கள், வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் கையில் இருக்கும். அன்று வெளிச்சத்துக்கு இடம்விட்டு அவர்கள் சற்று விலகினார்கள். யாரும் விலகச் சொல்லவில்லை என்றார்கள். விளக்கைக் கண்டால் மனிதர் தாமாகவே விலகிவிடுகிறார்கள்.

வேறொரு தாய் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். அதற்கு வாக்கு வந்தது. தொடர்ந்து, கேட்கப்படாமலே, அம்மாவின் வாயிலிருந்து அவருடைய சொந்த மகனின் பெயர் வந்தது. “வருவான்” என்று வந்தது. தெளிந்த பிறகு அவருக்கு எதுவும் நினைவில்லை. அவர் எந்த ஆண்டும் நினைவிருப்பதாகச் சொன்னதில்லை. குழுவில் ஒரு இளைஞர் அவரிடம் வந்து, “அம்மா, எடுத்தது பரவாயில்லையா?” என்று கேட்டிருக்கிறார். களைத்துப் போயிருந்த அவர் தலையை ஆட்டியிருக்கிறார். அலைவரிசை பின்னர் சம்மதம் என்று காட்டியது இந்தத் தலையாட்டலையும் தலைவரின் ஒரு வரிக் கடிதத்தையும்தான்.

ஒளிபரப்பு

சில வாரங்கள் கழித்து நிகழ்ச்சி வந்தது. ஊரே கூடியிருந்து பார்த்தது. கோணேசர் மலைக்குச் சில நிமிடங்கள், கன்னியாவுக்கு அதைவிடக் குறைவு, மீதி முழுக்க இந்தக் கோயில். பறைச் சத்தத்தின் மேல் திகில் படத்து இசை போட்டிருந்தார்கள். அம்மாவின் முகம் மெதுவாக, மறுபடி மறுபடி காட்டப்பட்டது. மகனின் பெயர் தெளிவாகக் கேட்டது. கீழே எழுத்தில், அம்மன் வாக்குப் பலிக்குமா என்ற கேள்வி.

கலையகத்தில் ஒரு சோதிடர், ஒரு மாய வித்தைக்காரர், மனநலம் பற்றிப் பேசுபவர் என்று அறிமுகமான ஒருவர். வித்தைக்காரர் இதைப் பயிற்சியால் யாரும் செய்யலாம் என்று செய்து காட்டினார். மூன்றாமவர், அம்மாவை ஒருமுறைகூடச் சந்திக்காமல், இது ஒரு மனநோய் என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உருவேறும் நிலை ஒருவர் விரும்பாமல் வந்து, அவருடைய சமூகமோ சமயமோ ஏற்கும் வழக்கத்துக்கு வெளியே நின்று, அவர் வாழ்வைக் கெடுக்கும்போதுதான் அது கோளாறாகக் கொள்ளப்படும் என்று அது சொல்கிறது. சடங்கில், ஊர் நடுவில், ஆண்டுக்கொரு முறை உருவேறி, அடுத்த நாள் வயலுக்குப் போகிற ஒரு பெண்ணை அந்த வரையறைக்குள் கொண்டுவர முடியாது. மருத்துவத்தின் பெயரால் பேசியவர் மருத்துவம் சொல்வதைச் சொல்லவில்லை. இது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

வாக்கெடுப்பு முடிவு திரையில் வந்தது. பெரும்பான்மை “நடிப்பு”.

அம்மா வீட்டில் பார்க்கவில்லை, அவருக்கு அந்த நேரத்தில் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கமில்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் பார்த்தார். அதற்குள் அந்தப் பகுதி மட்டும் வெட்டப்பட்டு டிக்டொக்கில் ஓடிக்கொண்டிருந்தது, சிலது சிரிப்புப் பாட்டோடு. அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். அதைவிட முக்கியம், மற்றத் தாய்மாரோடு போய் உட்கார்வதையும் நிறுத்தினார். மகள் சொன்னது இது: “அம்மாவைப் பார்த்துச் சிரிச்சத அவ தாங்குவா. அண்ணான்ர பேரைச் சொன்னத நடிப்பெண்டு எண்ணிப் பார்த்தாங்களே, அதத்தான் அவவால தாங்கேலாது.”

ஊரில் எழுந்த மூன்று யோசனைகள்

இளைஞர்கள் பொலிஸில் முறைப்பாடு செய்வோம் என்றார்கள். ஒரு அரசியல் பிரமுகரின் ஆட்கள் வந்து, குழுவில் இரண்டு பேர் வேற்று மதத்தவர், இது இந்து சமயத்தின் மேல் நடந்த தாக்குதல், நகரில் ஊர்வலம் வைப்போம் என்றார்கள். சபையில் வயதானவர்கள் சிலர், பேசாமல் விட்டால் நான்கு நாளில் மறந்துவிடும் என்றார்கள்.

சபை என்னைக் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில். முதலில் குடும்பத்திடம் கேட்போம் என்றேன். அதுவரை அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. மகள் வேண்டியவை தெளிவாக இருந்தன: யூடியூப்பில் இருப்பதை எடுக்க வேண்டும், மறுஒளிபரப்பு கூடாது, வெட்டாத மூலப் படத்தில் அம்மா வரும் பகுதியை அழிக்க வேண்டும். தொலைக்காட்சியில் மன்னிப்பு வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற சாக்கில் அந்தக் காட்சியை இன்னொரு முறை போடுவார்கள் என்று அவர் நினைத்தார், சரியாகவே நினைத்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பொலிஸுக்குப் போவதில்லை என்று முடிவானது. அதைச் சபையில் ஏற்கவைப்பதுதான் கடினமாக இருந்தது, ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தண்டனைச் சட்டக்கோவையின் 291அ பிரிவு, மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட எண்ணம் இருந்ததா என்று கேட்கிறது. இந்தக் குழுவுக்கு அந்த எண்ணம் இருந்ததென்று எவராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. இளைஞர்கள் சொன்ன மற்றச் சட்டம் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பேரில் வந்து, மத வெறுப்பைத் தூண்டுவதையும் குற்றமாக்கும் சட்டம். அதன் கீழ் கைதானால் பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். அந்தச் சட்டம் இங்கே எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். 2019 இல் ஒரு சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். 2023 இல் மேடையில் நகைச்சுவை சொன்ன ஒரு பெண் கைதானார். சிறுபான்மையினரின் நம்பிக்கையைக் காக்கும் கவசமாக எண்ணி நாங்கள் அதை எடுத்தால், நாளை எங்கள் பிள்ளை ஒருவன் எழுதும் கதையின் மேலும் அது விழும்.

அதோடு, வழக்கென்று வந்தால் அம்மா சாட்சி சொல்ல வேண்டும். உண்மையா நடிப்பா என்ற அதே கேள்வி, இம்முறை நீதிமன்றத்தில்.

ஊர்வலத்தை மறுத்ததற்குக் காரணம் இன்னும் எளிது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவும் மூதூரும், எங்கள் தம்பலகாமமும் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்கும் மாவட்டம் இது. வேற்று மதத்தவர் செய்தது என்று ஒரு சொல் தெருவுக்கு வந்தால் அது யாருடைய கையிலும் நிற்காது. உண்மையும் அப்படியில்லை. அந்த அத்தியாயத்தைத் தொகுத்து, இசையும் கேள்வியும் போட்டவர் ஒரு சைவர் என்பது பின்னால் தெரிந்தது. பூசாரியார் சபையில் எழுந்து, “கோயிலில இருக்கிற அம்மாளை யாரும் இழிவுபடுத்தேலாது. இழிவுபட்டது எங்கட பிள்ளை. அதை மட்டும் கதைப்பம்” என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

பேசாமல் இருப்பதும் சரியில்லை என்று முடிவு செய்தோம், ஏனென்றால் மறுஒளிபரப்பு நாள் ஏற்கனவே அறிவிக்கப்பட்டிருந்தது.

ஆகவே கடிதம். அதில் சமய சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரையையோ சமயப் பெருமையையோ முன்வைக்கவில்லை. மூன்று விஷயம்தான் எழுதினோம். தன் நினைவில் இல்லாத ஒருவர் அந்த நேரத்தில் சம்மதம் தர முடியாது. கோயில் தந்த அனுமதி கோயிலுக்கு உரியது, வந்து நிற்கும் அடியவரின் முகத்துக்கும் அவர் வீட்டுத் துயரத்துக்கும் உரியதல்ல. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயரை வாக்கெடுப்புக்கு விட்டது எந்த வழமையிலும் நியாயமில்லை. கடிதத்தில் மகளும் சபைத் தலைவரும் கையெழுத்திட்டார்கள்.

தொடர்ந்து நடந்தது

முதல் பதில் ஒரு சட்ட அலுவலரிடமிருந்து வந்தது: அனுமதிக் கடிதம் எங்களிடம் உள்ளது. நாங்கள் அதற்குப் பதில் எழுதாமல் தயாரிப்பாளரோடு நேரே பேசினோம். அவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர். மகனின் விஷயம் உண்மையென்றே தனக்குத் தெரியாது, அது சடங்கில் வழக்கமாகச் சொல்லும் வசனம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார் என்றார். அதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தொலைபேசியில் மகள் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணா, ஒரு செத்த வீட்டில அழுறவையப் படமெடுத்து, உண்மையா அழுகினமா எண்டு வோட்டுக் கேப்பீங்களோ?” அவர் நீண்ட நேரம் பேசவில்லை. மறுஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. யூடியூப் பதிவும் நீக்கப்பட்டது. மூலப் படத்தை அழித்துவிட்டதாக எழுத்தில் தந்தார்கள். அவர் நேரில் வந்து அம்மாவைப் பார்க்க விரும்பினார். அம்மா மறுத்தார். யாரும் வற்புறுத்தவில்லை.

டிக்டொக் துண்டுகள் வேறு கதை. உறவுப் பிள்ளைகள் இருந்து ஒவ்வொன்றாக முறையிட்டார்கள். சில போயின, சில வேறு பெயரில் திரும்பி வந்தன. இன்றும் தேடினால் கிடைக்கலாம்.

அடுத்த ஆண்டு அதே தயாரிப்பாளர் சபையோடு தொடர்புகொண்டு, வேறு விதமாக ஒன்று செய்யலாமா என்று கேட்டார். சபையில் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். நான் செய்யலாம் என்ற பக்கம் நின்றேன். தொலைக்காட்சியும் பக்தியும் ஒத்துவராதவை என்று நான் நினைக்கவில்லை. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை இந்தியத் தூர்தர்ஷனில் 78 அத்தியாயங்களாக இராமாயணம் ஓடியபோது மக்கள் பெட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டிப் பார்த்தார்கள். அங்கே இராமராக வந்தவர் நடிகர், அது அவர் தொழில், அவர் வீட்டுத் துக்கத்தை யாரும் தொடவில்லை. இங்கே இலங்கை வானொலி கோயில் தேர்த் திருவிழாக்களை நேர்முக வர்ணனையாகத் தந்திருக்கிறது. வர்ணனையாளர் வடம் பிடிப்பதைச் சொல்வார், தேவாரத்துக்கு இடம் விடுவார், தேர் அசைய நேரமானால் தலபுராணம் சொல்வார். நம்புகிறீர்களா என்று கேட்க மாட்டார். கேட்டவர்களுக்கு அலுப்புத் தட்டியதில்லை, ஏனென்றால் அவர்கள் தாங்களும் அந்த வீதியில் நிற்பதாக எண்ணிக் கேட்டார்கள்.

அந்த முறையில் குளிர்த்தியை நேரடியாகக் கொடுக்க ஒப்பந்தமானது. கமரா வெளிவீதியில் ஒரே இடத்தில். உருவேறும் இடத்துக்கு விளக்கும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. வாக்குக் கேட்கும் நேரம் படம் கோபுரத்துக்கோ பறை அடிப்பவர்களுக்கோ திரும்ப வேண்டும். வர்ணனை ஊர் ஆசிரியை ஒருவர். உள்ளூரில் பெரிதாக யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கோயிலில் நின்றார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரவர்கள் இரவிரவாக விழித்திருந்து பார்த்து, தங்கள் தாய்மாருக்குப் போன் எடுத்தார்கள். வசூல் கணக்கில் அலைவரிசைக்கு அது இலாபமில்லை என்று தயாரிப்பாளர் மறைக்காமல் சொன்னார்.

அம்மா அந்தச் சடங்குக்கும் வரவில்லை. அதற்கடுத்த ஆண்டிலிருந்து வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறார், பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். தாய்மாரோடு மறுபடி போய் உட்காரத் தொடங்கியிருக்கிறார். உருவேறுவது நின்றுவிட்டது. அதை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல எனக்கு உரிமையில்லை. அவரிடம் வாக்குக் கேட்டுவந்த தாய்மாருக்கு அது ஒரு இழப்பு. அந்த இழப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

சபையின் அனுமதிக் கடிதம் இப்போது ஒரு பக்கம் வருகிறது. நிகழ்ச்சியின் முழு அமைப்பையும் எழுத்தில் கேட்கிறார்கள்: கலையகத்தில் யார் பேசுவார்கள், வாக்கெடுப்பு உண்டா, இசை சேர்க்கப்படுமா. நேர்த்தி செய்பவர், காவடி எடுப்பவர், கற்பூரச்சட்டி ஏந்துபவர் யாரையும் கிட்டத்தில் எடுத்தால் அடுத்த நாள், களைப்பு ஆறிய பின், வீட்டில் வைத்து, குடும்பத்தவர் ஒருவர் கூட இருக்க, தனியாகச் சம்மதம் பெற வேண்டும். பிள்ளைகளை எடுப்பதில்லை. அன்பளிப்புப் பணத்தை ஒளிபரப்பு முடிந்து பார்த்த பிறகுதான் வாங்குவார்கள். இந்தக் கடைசி விதியைச் சேர்த்தவர் தலைவரே.

அலைவரிசைகள் பக்கத்தில் மாற வேண்டியது இன்னும் நிறைய. தொகுப்பு அறையில் இருப்பவர் ஊரைப் பார்த்ததில்லை. படமெடுத்தவருக்குத் தொகுப்பில் சொல்லில்லை. இடையில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் நாள் கூலிக்கு வேலை செய்கிறார், அவர் சொல்வதே எல்லாருக்கும் ஆதாரம். தொகுத்த படத்தைக் கோயிலுக்கு அனுப்பி, பிழையிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கும் வழக்கம் ஒன்று வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தயாரிப்பாளர் தன் நிகழ்ச்சியில் அதைத் தொடங்கியதாகச் சொல்கிறார். வாக்கெடுப்பு அந்த நிகழ்ச்சியில் இன்னும் இருக்கிறது. மந்திரவாதிகளுக்கும் வித்தைக்காரர்களுக்கும் மட்டும் என்று வரையறுத்திருக்கிறார்களாம்.

அடியவர்களின் சொந்தப் போன்களுக்கு மட்டும் சபையிடம் இன்னும் ஒரு வழியில்லை. கடந்த சடங்கில் உருவேறும் நேரம் பெண்கள் முன்போல நெருங்கி வட்டமாக நின்றார்கள், போன் பிடித்த கைகளைப் பூசாரியார் வேப்பிலையால் தட்டிவிட்டார். அறிவிப்புப் பலகை வைப்பதா, வாசலில் போன்களை வாங்கி வைப்பதா என்று வரும் பொதுக்கூட்டத்தில் பேசவிருக்கிறார்கள்.